கரண்டிச் சத்தம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எதிர்க்கடைத் தையல்காரி வணக்கத்துடன் எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. கை எப்படி இருக்கிறது? கட்டைப் பிரித்துவிட்டார்களா? விரல்களை மடக்க வருகிறதா? அண்ணியைக் கேட்டால் "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்கிறார்கள். அவர்கள் எதற்குத்தான் அப்படிச் சொன்னதில்லை? ஓட்டல் கூரை விழுந்ததைக் கூட அதே குரலில்தான் கேட்டுக்கொண்டார்கள்.

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்றதும் எங்கள் எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மூக்கு அப்படியே உங்கள் மூக்காம். பெண் பிள்ளைக்கு அது கொஞ்சம் அதிகம்தான். வளர வளரச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் பேச்சு பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். அதுவும் போகட்டும், நீங்கள் கேட்டாலாவது போதும் என்று பார்த்தால், எங்கள் தெருவிலிருந்து போன் என்றதுமே கையால் தள்ளிவிடுகிறீர்களாம். தள்ளுங்கள். காகிதத்தைத் தள்ளினால் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும், பெருக்கும்போது யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். தைக்கிறவளுக்குத் தையல்தான் நேராக வரும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அண்ணி என்னோடு பேசும்போது உடைந்துபோய்விட்டார்கள். நீங்கள் மகள் வீட்டிலேயே இருந்துவிடுவீர்களாம், இனி இந்தப் பக்கம் வரமாட்டீர்களாம். ஓட்டலும் வேண்டாம், தெருவும் வேண்டாம், இடத்தைக் கட்டடச் சொந்தக்காரரிடமே விட்டுவிடு என்கிறீர்களாம். நெருப்பைப் பார்த்து பயந்துவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம்: "உள்ள நான் வெந்துகிட்டு இருந்தேன். வெளிய அவங்க சிரிச்சாங்க."

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் வந்து நின்றபோது நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வலி போலிருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்கள் அடிமேல் அடி வைத்து வெளியே வந்தோம். முட்டாள்கள்.

அண்ணா, சிரித்தது உண்மை. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஏன் சிரித்தோம் என்பதைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

உங்கள் குரல் போன நாளிலிருந்து அண்டா விளிம்பில் கரண்டியால் தட்டுவதுதான் உங்கள் கூப்பாடு. இரண்டு தட்டு என்றால் சாப்பாடு தயார், வரலாம். எங்கள் வயிறே அந்தச் சத்தத்துக்குத்தான் பசிக்கப் பழகியிருந்தது. அண்ணி பிரசவத்துக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று நீங்கள் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, அந்தக் காற்றுக் குரலில் ஒன்று சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? குழந்தை பிறந்த சேதி வந்ததும் நிறுத்தாமல் தட்டுவேன், அன்றைக்கு ஒருத்தர் வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது, இருக்கிறதிலேயே பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றீர்கள். அன்று முதல் தெருவே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது. நாம் 'ஒரு நிமிஷம்' என்று கூப்பிடுகிற கடிகார ரிப்பேர்க்காரர், வேலையில் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர், அந்த வாரம் பஞ்சையே தொடவில்லை.

கூரை விழுந்த அன்று சாயங்காலம் சத்தம் கேட்டது. இரண்டு தட்டோடு நிற்கவில்லை. விடாமல், படபடவென்று.

நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். "அட, பொறந்துடுச்சு!" என்று நானே சத்தம் போட்டேன். போட்டது நான்தான், என் வாயில்தான் அது முதலில் வந்தது. மாடி வீட்டு நர்ஸம்மா ஜன்னலிலிருந்து கை தட்டினார்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்த பஸ் டிரைவர் தம்பி அங்கிருந்தே "ஆணா பொண்ணா?" என்று கத்தினார். 'ஒரு நிமிஷம்' சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே ஓடினார். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் கேலி செய்துகொண்டு, ஆற அமர நடந்து வந்தோம். மத்தியான வியாபாரம் முடிந்து உங்கள் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. புகையெல்லாம் பின் சந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் கேட்ட சிரிப்பு அந்தச் சிரிப்புதான் அண்ணா. இன்னும் பிறக்காத உங்கள் பேத்திக்காகச் சிரித்தோம்.

ஷட்டருக்கு முன்னால் வந்த பிறகுதான் நாற்றம் தெரிந்தது. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற சாமான் அறை முழுக்க நெருப்பு. அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் மேசைமேல் சார்ஜில் கிடக்கிற உங்கள் போன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வாய்களிலிருந்து வந்த சத்தத்தை நான் எழுத மாட்டேன். அப்போதும் நீங்கள் தட்டிக்கொண்டேதான் இருந்தீர்கள். பிறகு நின்றுவிட்டது. அது நின்ற கணத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரியாத பாக்கியைச் சொல்கிறேன், அப்போது நீங்கள் மயங்கிவிட்டீர்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள்தான் தூக்கினார்கள் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வந்தபோது நீங்கள் சந்தில் நர்ஸம்மா மடியில் கிடந்தீர்கள். பின் கதவு துருப்பிடித்துத் திறக்காமல் கிடந்ததே, பார்த்துக்கொள்ளலாம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டீர்களே, அதை உடைத்தது டிரைவர் தம்பியின் தோள். இன்னும் அந்தப் பக்கம் கையை உயர்த்த முடியாமல்தான் ஸ்டியரிங் பிடிக்கிறார். உள்ளே நுழைந்து உங்களை இழுத்து வந்தது, நம்புவீர்களோ மாட்டீர்களோ, 'ஒரு நிமிஷம்'. புதுச் சட்டை போட்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு நிமிஷம் என்று சொல்லாமல் ஒரு காரியம் செய்தார்.

மற்றவர்கள் எல்லோரும் என் கடைக் குழாயிலிருந்து உங்கள் வாசல்வரை வரிசையாக நின்றோம். வாளி தேட நேரமில்லை. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள், எங்கள் கையில் இருந்ததே அண்டாவும் குண்டானும்தான். உங்கள் விருந்தை வாங்கிப்போகக் கொண்டு வந்த பாத்திரங்களில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். ஓட்டலைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளைக் காப்பாற்றினோம். அதுவும் கேஸை நீங்கள் முதலில் மூடியிருந்ததால்தான் முடிந்ததாம். மின்கசிவுதான், சமையல்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். கையில் நெருப்பு பட்டுக்கொண்டிருக்கும்போது வால்வை மூடியிருக்கிறீர்கள். நீங்கள் அப்படிக் காப்பாற்றிய தெரு இது. இதை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறீர்களே.

இங்கே எப்படி இருக்கிறோம் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்காது, ஆனாலும் சொல்கிறேன். பட்டினி கிடக்கவில்லை. டிரைவர்கள் டிப்போ வாசலில் நின்றபடி எதையோ விழுங்குகிறார்கள். 'ஒரு நிமிஷம்' கடிகாரங்களுக்கு நடுவில் ரொட்டியை வைத்துத் தின்கிறார், ரொட்டியெல்லாம் எண்ணெய் வாசனை. நான் காலையில் பொங்கியதை இரவும் தின்கிறேன். சாப்பாடு கிடைக்கிறது அண்ணா, ஆள்தான் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் ஒருவர் ஒரு வேளை வராவிட்டால் அண்ணி என்னிடம் "போய் என்னன்னு பாத்துட்டு வாம்மா" என்பார்கள். போன வாரம் நர்ஸம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார்கள். எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை. பால்காரர் கதவைத் தட்டித்தான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் ஊசி போட்டவர்கள், ஒரு வாய் வெந்நீர் கொடுக்க ஆளில்லாமல் கிடந்தார்கள். இப்போது எழுந்து நடக்கிறார்கள். உங்கள் கைக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடிபாட்டை அள்ளும்போது உங்கள் கரண்டி கிடைத்தது. கரியாகி, காம்பு வளைந்து, ஆனால் முழுசாக. டிரைவர் தம்பி அதைத் துடைத்தார். துடைத்த கை சும்மா இருக்குமா? ஓரமாகக் கிடந்த அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாராம்.

நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். யார் யாரோ ஓடி வந்தார்கள். சோப்பு நுரை வழிகிற முகத்தோடு ஒருவர், பாதி உரித்த வெங்காயத்தோடு ஒருத்தி. நர்ஸம்மா காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு படியிறங்கி வந்துவிட்டார்கள். மற்றவர்கள் கையில் எல்லாம் தண்ணீர்ப் பாத்திரம். வந்து நின்று, கூரையில்லாத அந்த இடத்தைப் பார்த்தோம். டிரைவர் தம்பி கையில் கரண்டியோடு ஓவென்று அழுதுவிட்டார். நான்தான் பிடுங்கி, "பொழப்பில்லையா உனக்கு?" என்று கன்னாபின்னாவென்று திட்டினேன். அப்புறம் நானும் அழுதேன். கரண்டி இப்போது என் கடையில், வெட்டிய துணியில் சுற்றி, மிஷினுக்கு மேல் தட்டில் இருக்கிறது. இன்னொருவர் தொட விடமாட்டேன்.

கட்டடக்காரர் மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். செல்போன் கடைக்காரர் ஒருவர் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார். அவர் டேப்பை நீட்டியபோது 'ஒரு நிமிஷம்' குறுக்கே நின்றுகொண்டு நகரவே இல்லை. கூரை போடுவதற்கு எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். மேசை விரிப்பெல்லாம் நான் தைத்தாகிவிட்டது, நீங்கள் வராவிட்டால் அவ்வளவையும் நானே பாவாடையாகக் கட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான். உங்கள் கை பழையபடி வராது என்றால் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் கிளறுகிறோம். உப்பு கூடினால் தின்று தொலைக்கிறோம்.

நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் உயிர் போகிற மாதிரி கூப்பிட்டீர்கள், நாங்கள் நடந்து வந்தோம். அது நடந்துவிட்டது. எந்த ஊசியாலும் அதைத் தைக்க முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பாப்பாவையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். கரண்டியை எடுத்துத் தருகிறேன். வலது கை முடியாவிட்டால் இடது கையால், ஒரே ஒரு தட்டு. இந்த முறை எதற்காகத் தட்டுகிறீர்கள் என்று கேட்க மாட்டோம். ஓடி வருவோம்.

குழந்தை நீண்ட ஆயுளோடும் நிறைந்த வயிற்றோடும் வாழட்டும். அவள் பிறந்ததற்கு இங்கே இன்னும் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் வந்த பிறகுதான்.

உங்கள் பதிலுக்கல்ல, உங்களுக்காகவே காத்திருக்கும்,
எதிர்க்கடைத் தங்கை