ஆட்டைத் திவசம்வரை ஹும்மல் காத்திருக்காது

துன் நகரம், பங்குனி 1988

இஞ்சாரும் பாக்கியம்,

உம்முடைய அண்ணன் உம்முடைய தலையணையைக் குப்பையில் போட்டுவிட்டார். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வந்து நின்றவர், நான் ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சாம்பல் நிறப் பையில் கட்டித் தெருவோரம் கொண்டுபோய் வைத்தார். நான் வேலை முடிந்து வருவதற்குள் குப்பை லொறி வந்து போய்விட்டது. இந்தக் கடிதத்தை எங்கள் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஃப்ரிபூர்க்கில் அவருக்கும் பத்திரிகை போகிறது. வாசிக்கட்டும்.

எந்தத் தலையணை என்று நீர் கேட்கமாட்டீர். இலவம் பஞ்சுத் தலையணை எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி அதை அமத்தி அமத்திப் பார்க்க, “அதுக்குள்ள என்ர நித்திரைதான் இருக்கு, வேற ஒண்டுமில்லை” என்றீரே, அதுதான். இங்கே அகதி முகாமில் தந்த இறகுத் தலையணையை நீர் தொடவேயில்லை. மச்சம் தின்னாதவள் வாத்தின் இறகில் எப்படித் தலை வைப்பது என்று கேட்டீர்.

செத்தவருடைய படுக்கைச் சாமான் வீட்டில் இருக்கக்கூடாதாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு போயிருக்க வேண்டியதாம். இத்தனை மாதமும் அது என் கட்டிலில் கிடந்தபோது அவர் கண்ணில் படவில்லை. நான் அதன் ஒரு மூலையைப் பிரித்து, இரண்டு கைப்பிடி பஞ்சு எடுத்து ஒரு மரப்பெட்டிக்குள் வைத்த பிறகுதான் அவருக்குச் சாத்திரம் ஞாபகம் வந்தது.

கோபம் அது பாட்டில் இருக்கட்டும். உமக்குச் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. நான் ஹும்மல் வளர்க்கலாமா என்று மாசி முழுக்க யோசித்தேன்.

ஹும்மலை உமக்குத் தெரியும். நீர் வேலை செய்த லோண்டரியின் ஜன்னல் கண்ணாடியில் முட்டி முட்டிப் பறக்கும், உருண்டையாக, உடம்பெல்லாம் மயிராக. “இந்த நாட்டில வண்டுக்கும் கம்பளிச் சட்டை குடுத்திருக்கிறாங்கள்” என்று வந்து சொன்னீர். வண்டு என்று நாங்கள் சொன்னாலும் அது தேனீயின் சாதி. ஆனால் தேனீயைப் போல ஆயிரக்கணக்கில் கூடி வாழாது. பறித்தெடுக்கத் தேனும் சேர்க்காது.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கீழ்வீட்டு அம்மா ஃப்ராவ் கேர்பரால். நீர் ஆனியில் போனபிறகு வந்த இலையுதிர் காலத்தில் நான் அவருடைய தோட்டத்து மர வாங்கில் சும்மா குந்தியிருந்தேன். மற்ற எல்லோரும் என்னைக் கண்டால் தலையைச் சாய்த்து அனுதாபம் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. ஒரு மரப்பெட்டியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே காய்ந்த பாசிக்கு நடுவே தையல் விரற்கூடு அளவில் மெழுகுக் குடங்கள். எல்லாம் வெறுமை. ஹும்மல் குடும்பம் ஒரு கோடைதான் இருக்குமாம். குளிர் வரக் கிழ ராணியும் வேலைக்காரிகளும் செத்துவிடும். இளம் ராணிகள் மட்டும் தனித்தனியாக மண்ணுக்குள் புகுந்து, பனிக்குக் கீழே உறங்கி, பங்குனியில் எழுந்து வந்து வீடு தேடும்.

அவர் ஒரு சிறு புத்தகம் தந்தார். ஜேர்மன் அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வாசித்தேன். அடியேய், என்ன அதிசயம் தெரியுமா! ராணி தன் முட்டைகளின்மேல் வயிற்றை வைத்துப் படுத்து, பறக்காமலே பறக்கும் தசையை நடுங்கவைத்துச் சூடு உண்டாக்குகிறது. கோழி அடைகாக்கிறமாதிரி ஒரு பூச்சி! எட்டக்கூடிய தூரத்தில் ஒரு குடத்தில் தேன் வைத்திருக்கும், எழும்பாமல் குடிக்க. இதை வாசித்த அன்று ஹோட்டலில் இரண்டு தட்டு உடைத்தேன்.

பெட்டியை நானே செய்தேன். ஃப்ராவ் கேர்பர் தன் கொட்டிலில் இருந்து எலி கட்டிவிட்டுப்போன பழைய கூட்டில் ஒரு பிடி தந்தார். எலி விட்டுப்போன வளையில் குடிபுகுகிற ராணிக்கு எலி மணந்தால்தான் வீடு என்று நம்பிக்கை வருமாம். மெத்தென்று வைக்க என்ன நல்லது என்று புத்தகத்தில் பார்த்தேன். சாதாரணப் பஞ்சு கூடாது, நூல் காலில் சிக்கும். பாசி நல்லது. இன்னொன்றும் நல்லது என்று போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினால் இலவம் பஞ்சு! நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த அநியாயத்தைத்தான் மேலே எழுதினேன். பெட்டிக்குள் இருந்தது மட்டும் தப்பியது. அது ராணிக்குப் போதும். எனக்குப் போதாது.

உம்முடைய அண்ணன் சின்னத்துரை பெட்டியைக் கண்ட அன்று சொன்ன கதைகளையும் கேளும்.

“மச்சான், தேன் தாற சாமானெண்டாலும் பரவாயில்லை. ஒண்டுக்கும் உதவாத பூச்சிக்கு வீடு கட்டுறீரோ?”

“ஓம், கட்டுறன்.”

“எங்களையே இந்த நாட்டில இருக்க விடுவாங்களோ தெரியாது. இவர் வண்டுக்குக் குடியுரிமை குடுக்கிறார்!”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் அகதிமனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள் என்னத்தைக் கண்டார்கள்?

கடைசியில் அவர் வைத்ததுதான் பெரிய கல். “வருஷம் திரும்பேல்ல. ஆட்டைத் திவசம் முடியாமல் புதுசா ஒண்டும் தொடங்கக்கூடாது. எல்லாம் ஆனிக்குப் பிறகு பாப்பம்.”

எங்கள் மகன் இரவியும் அவர் பக்கம் சாய்ந்தான். “அப்பா, மாமா சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்கு. சனம் கதைக்கும்.”

“சனம் எப்ப கதைக்காமல் இருந்தது? உன்ர கலியாணத்துக்குக் கதைக்கேல்லையோ?”

ஆனிவரை காத்திருக்கலாமா என்று ஃப்ராவ் கேர்பரிடம் கேட்டபோது அவர் தலையாட்டி மறுத்தார். ராணி வீடு தேடுவது பங்குனியிலும் சித்திரையிலும்தான். அதற்குப் பிறகு வைத்தால் பெட்டி சும்மா கிடக்கும். ஆனிவரை பொறுத்தால் அடுத்த பங்குனிவரை பொறுக்கவேண்டும். அடுத்த பங்குனியில் நான் துன்னில் இருப்பேனா?

உம்மிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், மற்றவர்களும் வாசித்தால் வாசிக்கட்டும். மாசி முழுக்க என்னைத் தடுத்தது சனமும் இல்லை, சாத்திரமும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அதுதான் தடுத்தது. காலையில் எழும்பும்போது முதலில் ராணியின் நினைவு வருகிறது, அதற்குப் பிறகுதான் நீர் இல்லை என்பது வருகிறது. இது உமக்குச் செய்யும் துரோகமோ? யாரிடம் போய்க் கேட்பது?

இந்த மாதத்து மாசியம், உமக்கு மாதாமாதம் செய்யும் திதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலையணைக்குப் பிறகு உம்முடைய அண்ணனோடு நான் கதைக்கவில்லை. ஆனாலும் மாசியத்துக்கு வந்தவருக்குக் கதவைப் பூட்ட முடியுமா? ஃப்ரிபூர்க்கில் இருந்து முதல் ரயிலில் வந்து இறங்கினார். இரவி சமைத்தான். பூ இல்லை என்று பார்த்துவிட்டு அவர் கீழே போய், ஃப்ராவ் கேர்பரின் தோட்டத்தில் அப்போதுதான் பூத்த குரோக்குஸ் பூக்களைக் கேட்காமலே பறித்துக்கொண்டு வந்தார். கேட்காமல் எடுப்பது அவருக்குக் கைவந்த கலை.

படையலில் ஒரு பங்கைத் தட்டில் வைத்து, மேலே நாலு பூவும் வைத்து, பல்கனியில் நின்று காகத்தைக் கூப்பிட்டார். “கா... கா...” எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. தேவாலயக் கூரையில் மூன்று நாலு காகம் இருந்தன. ஒன்றும் அசையவில்லை.

“ஜேர்மனில கூப்பிட்டுப் பாருங்கோ மாமா” என்றான் இரவி.

“பகிடி விடாதை. கா... கா...”

அப்போது வெயிலுக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது. பொன்வண்டு மாதிரி ஒரு ராணி! கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டி, வால் வெள்ளை. நேரே தட்டுக்கு வந்து குரோக்குஸ் பூவுக்குள் தலையை விட்டாள். குளிரில் களைத்திருக்கவேண்டும், கால் சறுக்கிப் பாயாசத்தின் ஓரத்தில் விழுந்தாள். பிறகு நாக்கை நீட்டிக் குடிக்கத் தொடங்கினாள்.

உம்முடைய அண்ணன் தோளில் கிடந்த துவாயை ஓங்கினார்.

“மச்சான், கையை இறக்கும்!”

“காகத்துக்கு வைச்சதில வண்டு வாய் வைக்குது!”

“படையலுக்கு வந்த சீவனை விரட்டலாமோ? நீர்தானே சாத்திரக்காரன். சொல்லும் பாப்பம்.”

துவாய் மேலேயே நின்றது. இரவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மாமா, அப்பா உங்களை மடக்கிப்போட்டார்.”

அது நீர் என்று நான் நினைக்கவில்லை, பாக்கியம். நீர் வந்திருந்தால் முதலில் இரவியைக் கூப்பிட்டு, பாயாசத்துக்குச் சீனி காணாது என்று சொல்லியிருப்பீர்.

உம்முடைய அண்ணன் துவாயை இறக்கினார். பிறகு குரலையும் இறக்கினார். “சரி, குடிக்கட்டும். ஆனாப் பிடிச்சுப் பெட்டிக்குள்ள விடாதையும். வருஷம் திரும்பட்டும் மச்சான். எங்கட தங்கச்சிக்கு நாங்கள் செய்யிற மரியாதை அது.”

தங்கச்சி என்றதும் அவருடைய வாய் கோணியது. அதை நானும் கண்டேன். ஒரு நிமிடம் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் உமக்கு எது மரியாதை என்று அவரைவிட எனக்குத் தெரியும். முகாமில் நான் வாடிப்போய் இருந்த நாட்களில், “இஞ்சாருங்கோ, உந்த முகத்தோட எனக்குப் பக்கத்தில இருக்காதேங்கோ” என்று எழுப்பி விட்டவள் நீர். செத்த பிறகு உமக்கு அந்த முகம் பிடிக்கத் தொடங்கிவிட்டதோ?

தேத்தண்ணிக் கிளாஸை எடுத்து ராணியின்மேல் கவிழ்த்து மூடினேன். அடியில் கலண்டர் தாளைச் செருகினேன். இரண்டு மாடி இறங்கித் தோட்டத்துக்குப் போய், வால்நட் மரத்துக்குக் கீழே வைத்திருந்த பெட்டிக்குள் விட்டு வாசலை அடைத்தேன். பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். தள்ளி நின்று பார்த்தார்.

அடுத்த நாள் காலை அடைப்பை எடுத்தேன். வெகுநேரம் கழித்து ராணி வெளியே வந்தாள். பறந்து ஓடிவிடவில்லை! பெட்டியைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் பறந்தாள், இடமும் வலமும், சின்ன வட்டம், பெரிய வட்டம். வீட்டின் முகத்தைப் பாடமாக்குகிறாள் என்று புத்தகம் சொல்கிறது. பிறகு ஏரிப் பக்கம் போய் மறைந்தாள். நான் வேலைக்குப் பிந்திப் போனேன், ஏச்சு வாங்கினேன். இரவி வந்து பார்த்துவிட்டு, வாசலில் ஒரு அசைவும் இல்லை என்றான்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம், என் கண்ணால் கண்டேன். இரண்டு பின்னங்காலிலும் மஞ்சள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கி, தேடாமல், தயங்காமல், தன் வீட்டுக்குப் போகிறவளைப்போல உள்ளே போனாள். “வந்திட்டாள்! வந்திட்டாள்!” என்று தமிழில் கத்தினேன். நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஃப்ராவ் கேர்பர் ஓடிவந்தார். விரலால் காட்டினேன். இரண்டு கிழங்களும் புல்லில் முழந்தாளிட்டு அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகரந்தம் கொண்டுவந்தால் முட்டை வைக்கப்போகிறாள் என்று அர்த்தம்.

அன்று பின்னேரம் ஃப்ரிபூர்க்கில் இருந்து ரெலிபோன்.

“என்ன மச்சான், அது நிக்குதோ?”

“நிக்கிறா.”

“முட்டை வைச்சிட்டுதோ?”

“மூடி திறந்து பாக்கக்கூடாது.”

“அப்ப எப்பிடித் தெரியும்?”

“வந்து புல்லில இருந்து பாரும்.”

பிறகு, “குளிருமே, அதுக்கு?” என்றார். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். தலையணையைப் பற்றி அவர் இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஆகவே இனி நடக்கவேண்டியதை எழுதுகிறேன். சின்னத்துரை மச்சான் என் முன்னால் வந்து, கேட்காமல் எடுத்தது பிழை என்று சொல்லவேண்டும். கடிதத்தில் எழுதினால் எடுபடாது. பறித்த குரோக்குஸ் பூவுக்கு ஃப்ராவ் கேர்பரிடமும் சொல்லவேண்டும். இலையுதிர் காலத்தில் குரோக்குஸ் கிழங்கு வாங்கி மச்சானே நடவேண்டும். இரவி வாசலில் தொங்கும் தட்டியைச் சரிசெய்யவேண்டும், மெழுகு தின்னும் பூச்சி உள்ளே போகாமல். மழை நாட்களில் சீனித்தண்ணீர் வைப்பதும் அவன்தான், நான் பகல் வேலையில் நிற்கும்போது. ஒருவரும் பெட்டிக்கு முன்னால் சிகரெட் பிடிக்கக்கூடாது, ராணிக்குப் பெயர் வைக்கக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. ஆட்டைத் திவசத்துக்கு வருகிற சனம் கீழே தோட்டத்துக்கும் வரவேண்டும். ஆனியில் ராணியின் வேலைக்காரிகள் வாசல் நிறையப் போய்வந்துகொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கதைக்க விரும்புகிறவர்கள் கதைக்கலாம்.

எனக்குரியதையும் சொல்கிறேன். எங்களைப் போகச் சொல்லிக் கடிதம் வந்தால், அகராதியை எடுத்து வைத்து நானே பதில் எழுதுவேன்: என் பொறுப்பில் ஒரு குடும்பம் இருக்கிறது, இலையுதிர் காலம் முடியும்வரை அசையமாட்டேன். அவர்கள் சிரிக்கட்டும். நான் எழுதுவேன் என்று உமக்குத் தெரியும். இது சத்தியம்.

உம்முடைய மனுசன்,
கணபதிப்பிள்ளை