வாவித் தண்ணீரும் உங்கள் சிவப்புக்கரைக் கம்பளமும்

மச்சான்,

வினாகிரியின் புளித்த நெடியும் நனைந்த கம்பளியின் ஆட்டு வாடையும் சேர்ந்து வந்தால் எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அன்பில் என்று நினைத்துவிடாதீர்கள். இன்று காலை, உங்களைக் கட்டிக்கொண்ட என் ராத்தா உங்கள் கம்பளத்தை ஓட்டோவில் ஏற்றிவந்து நம் கழுவும் கொட்டிலில் இறக்கினாள். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகிறதே, அந்தக் கத்தம் ஓத வருகிறவர்களை அதில்தான் உட்காரவைக்க வேண்டுமாம். கட்டார் நாட்டில் அத்தனை காலம் இருந்து நீங்கள் கொண்டுவந்ததில் மிச்சம் அது ஒன்றுதான். வெள்ளை நிலம், கருஞ்சிவப்புக் கரை.

"அவர் சொல்லுவாரே தம்பி, இது அசல் சரக்கு, எத்தின தரம் கழுவினாலும் சாயம் போகாதெண்டு. நீ கவனமாக் கழுவு, என்ன?" என்றாள்.

அவள் போனதும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அந்தச் சிவப்பின் மேல் வைத்து அழுத்தினேன். எடுத்தால், வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் இருந்தது துணி. எனக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையாவது உண்மையாக இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

கட்டாரில் கம்பளம் கழுவும் இடத்தில் பெரிய ஆளாக இருந்ததாகச் சொல்லித்தான் இந்தத் தொழிலைத் தொடங்கி என்னையும் இழுத்துவிட்டீர்கள். அங்கே நீங்கள் லொறியில் கம்பளம் ஏற்றி இறக்கியதை உங்களோடு இருந்த ஒருவர் பிறகு சொன்னார். சுமப்பது கேவலமில்லை. சுமந்துவிட்டு வந்து எனக்குச் சாயத்தைப் பற்றி வகுப்பெடுத்தீர்களே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏறாவூர் ஹாஜியாரின் நீலப்பூக் கம்பளம் நினைவிருக்கிறதா? முதலில் ஒரு மூலையில் துணி வைத்துப் பார்ப்போம் என்றேன். சிரித்தீர்கள்.

"நீ சரியான பயந்தாங்கொள்ளிடா. நம்மட வாவித் தண்ணியில உப்புக் கிடக்கு. அது சாயத்தப் புடிச்சி வெச்சிக்கும். எங்கட வாப்பா தறிக்கு நூல் சாயம் போட்டவரு, எனக்குத் தெரியாதா? நான் பொறுப்பு."

உங்கள் வாப்பா பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றும்போது உப்புப் போட்டது உண்மைதான். சாயம் ஏறிய கம்பளியைக் கழுவும்போது அந்த உப்பு எதையும் பிடித்துவைக்காது. கம்பளிக்குக் கொஞ்சம் புளிப்பும் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும், கை வேகமாக நடக்கவேண்டும். நீங்களோ சவர்க்காரத் தூளைக் கொட்டித் தேய்த்து, வாவிக்குள் இழுத்துப் போட்டு, மேலே நின்று மிதித்தீர்கள். பிறகு ஈரத்தோடு சுருட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்கள். விரித்தபோது வெள்ளை என்று ஒரு இடமும் இல்லை, எல்லாம் நீலம். ஹாஜியார் வந்து நின்றார். உங்களைக் காணவில்லை. அந்த ஏச்சு முழுவதையும் நான்தான் வாங்கினேன். மறுநாள் வந்து, "அந்தாளுட கார்பட் டூப்பு, நான் என்ன செய்யிற?" என்றீர்கள். வெட்கமே இல்லாத மனிதர் நீங்கள்.

வாவி கொட்டிலுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. உங்கள் முறைப்படி ஒருதரம் முக்கி எடுத்தால் போதும், நீங்கள் யாரென்று ராத்தாவுக்கு இன்றைக்கே தெரிந்துவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கவே தொடங்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்த மூலையைப் பார்த்தேன். கரையை ஒட்டிய வெள்ளையில் உள்ளங்கையளவு இளஞ்சிவப்புக் கறை. அதற்கு மேல் வெள்ளைக் கம்பளி நூலால் நெருக்கி நெருக்கித் தைத்திருந்தது. ராத்தாவின் தையல் எனக்குத் தெரியும். எப்போதோ எதையோ கொட்டித் துடைத்திருக்கிறாள், சாயம் ஓடியிருக்கிறது, மறைத்திருக்கிறாள். உங்கள் அசல் சரக்கின் லட்சணம் அவளுக்கு முன்பே தெரியும், மச்சான். தெரிந்துகொண்டுதான் காலையில் என்னிடம் அப்படிச் சொன்னாள்.

முனையை விட்டுவிட்டேன். தண்ணீரை ஊற்றவே இல்லை. சவர்க்கார நுரையை மட்டும் துணியால் தொட்டுச் சாண் சாணாகத் துடைத்தேன். துடைத்த இடத்தை வினாகிரி கலந்த குளிர்ந்த தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி, உடனே காய்ந்த துவாயால் அழுத்தி ஈரத்தை எடுத்தேன். மடிக்காமல் பலகைச் சட்டத்தின் மேல் விரித்து இரண்டு பக்கமும் ஃபேன் போட்டேன். முதுகு முறிந்துவிட்டது. உயிரோடு இருந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று பிழை பிடித்திருப்பீர்கள்.

பின்னேரம் ராத்தா வந்தாள். கரையைத் தடவிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாயம் போகல்லியே தம்பி?"

"இல்ல ராத்தா. அவர் சொன்ன மாதிரித்தான், அசல் சரக்கு."

"கத்தத்தில ஆராச்சும் தேத்தண்ணியக் கொட்டினா?"

"நான் பொறுப்பு" என்றேன்.

உங்கள் சொல் என் வாயில் எப்படி வந்ததோ தெரியவில்லை. செத்த பிறகும் உங்கள் மானத்தைக் காக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. கத்தம் முடியும்வரை அந்தக் கம்பளத்தின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், ஒவ்வொருவர் கையிலும் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.