கதவில்லாத மண்டபம்

7 நவம்பர், வெள்ளி

ஜேபியில் விடிந்ததிலிருந்து மழை. ஸ்கூடாய் சாலையில் முழங்கால் தண்ணீர் என்று ஆபீஸ் நண்பன் ஹாஃபிஸ் படம் அனுப்பினான். மோட்டாரை எடுக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை.

புதன்கிழமை காலேஜில் பேச வேண்டும். தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: துப்பாக்கி விளையாட்டின் முன்னோடிகள் நமக்கு விட்டுச் சென்றவை. சொத்துப் பிரிக்கிற மாதிரி இருக்கிறது. குறிப்பு:

– அவர்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆளைத் தள்ளி நின்று பார்த்தோம். அவர்கள்தான் நம்மை உள்ளே இறக்கினார்கள். திரைதான் கண். கண்ணுக்குக் கீழே ஒரு கை, கையில் துப்பாக்கி.

– முதல் பாகம் இலவசம். நண்பனுக்கும் கொடு என்றே சொன்னார்கள்.

– மேப் போடும் வழியைத் திறந்துவிட்டது. (மேப் = விளையாடும் இடம். பிள்ளைகளுக்குத் தெரியும். பிரின்சிபலுக்குச் சொல்ல வேண்டும்.)

– கடைசியில் நிரலையே கொடுத்தது. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், மற்றவனுக்கும் கொடு.

– எவன் முதல் மேப் போட்டாலும் அது அவன் வீடு, இல்லை அவன் ஸ்கூல்.

கடைசிக் குறிப்பில் என் மேப்பைக் காட்டலாம். எங்கள் ஊர் தங்காக் கோயிலின் பழைய கல்யாண மண்டபம். அந்தக் காலத்து விளையாட்டின் நிரலிலேயே, அந்தக் காலத்து முறையில் போட்டது. தீபாவளிக்கு முன் இணையத்தில் விட்டேன். முன்னோடிகளுக்கு மரியாதை என்று ஒரு போட்டி, அதில் இரண்டாம் பரிசு. "கதவெல்லாம் எடுத்துட்ட பாரு, அதான் ஓட்டம் நல்லா இருக்கு" என்று ஹாஃபிஸே சொன்னான். பக்கத்து மேசைக்காரன், லேசில் பாராட்ட மாட்டான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவருக்குப் புரியாது.

வாங்க வேண்டியது: முட்டை, பல்பு, குளியலறைக் குழாய்க்கு வாஷர்.

8 நவம்பர், சனி

பல் விளக்கும்போது மூவாரிலிருந்து அக்கா போன்.

"குணா, கோயில் குரூப் பாத்தியா?"

"நான் அந்த குரூப்லயே இல்லக்கா."

"நல்லவேள. இரு, அனுப்புறேன்."

வீடியோ. யாரோ ஒரு பையன், பேச்சைக் கேட்டால் சிங்கப்பூர், என் மேப்பை விளையாடிக்கொண்டே பேசுகிறான். மேடை, கிணற்றுப் பக்கத்து வாசல், சமையல் கட்டு, எல்லாவற்றிலும் ஓடுகிறான். நன்றாக இருக்கிறதே என்று பார்த்தேன். வெட்கங்கெட்டவன், முதலில் சந்தோஷம்தான் வந்தது.

பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போனான். இருட்டு. சுட்டான். சுடும்போதெல்லாம் துப்பாக்கி வெளிச்சம் தரையில் அடித்தது. தரையில் எழுத்து.

"எய், தமிழ்ல என்னமோ எழுதிருக்கு லா. ராஜம்மாள். மச்சான், யாருடா இந்த ராஜம்மாள்?"

சிரித்தான். அதன் மேலேயே குதித்துக் குதித்துச் சுட்டான். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு தடவை தெரிந்தது. அமரர் இராஜம்மாள் நினைவாக. அமரர் இராஜம்மாள் நினைவாக. தரை முழுக்க, வரிசை வரிசையாக.

என் அம்மா.

"அம்மா பேரு தரையில கெடக்குதுடா" என்றாள் அக்கா. "மிதிக்கிறானுங்கடா."

அப்பா பார்த்தாரா என்று கேட்டேன். "அவரும் குரூப்லதான் இருக்காரு. காலையில பேசுனேன். ரசம் வச்சேன்னாரு. வேற ஒன்னும் சொல்லல."

குழாய் இன்னும் ஒழுகுகிறது. நாள் முழுக்க அந்தச் சத்தம்.

9 நவம்பர், ஞாயிறு

மேப்பைத் திறந்து பார்த்தேன். என் வேலைதான். வேறு யார் தலையிலும் போட முடியாது.

மேப்பில் சுவருக்கும் தரைக்கும் படம் ஒட்ட வேண்டும். மண்டபத்தை இடிப்பதற்கு முன் நான் எடுத்த படங்களையே வெட்டி ஒட்டினேன். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் அம்மாவின் உபயக் கல் இருந்தது. அம்மா இறந்த வருஷம் அப்பா மண்டபத் தரைக்குப் பளிங்கு போட்டுக் கொடுத்தார், அதற்காக வைத்த கல். அந்தப் படத்தைச் சுவரில் சரியாகத்தான் வைத்தேன். ஆனால் ஃபைலுக்கு நான் வைத்த பெயர் 'பளிங்கு 2'. கடைசி நாள் அவசரத்தில் ஸ்டோர் ரூம் தரைக்குப் பளிங்கு தேடியபோது கண்ணில் பட்டது அது. தட்டினேன், தரை நிரம்பியது. இருட்டு ரூம் என்பதால் எழுத்து தெரியவில்லை. சுட்டால்தான் தெரியும். நான் அங்கே சுட்டுப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் 'பளிங்கு 2' என்று பெயர் வைத்தவன் நான்.

இன்னொன்று. அந்தப் படங்களை விளையாட்டுக்காக எடுக்கவில்லை. இடிக்கப் போகிறார்கள், ஞாபகத்துக்கு எடுத்து வை என்று கூப்பிட்டது அப்பா. மண்டபச் சாவி, கோயில் ஸ்டோர் சாவி எல்லாம் அவரிடம்; வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பூட்டுவது அவர்தான். ஒவ்வொரு ரூமாகத் திறந்துவிட்டு எனக்கு டார்ச் பிடித்தார். கல்லை எடுக்கும்போது உடைக்காமல் எடுக்கணும் என்று அன்றைக்கே கவலைப்பட்டார். உடைந்துதான் போனது.

மேப்பை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஹாஃபிஸிடம் கேட்டேன், இனி யார் கையிலும் இருக்காதில்லையா என்று. சிரிக்கவில்லை அவன். வேறு நாலு தளத்தில் கிடக்கிறது என்று தேடிக் காட்டினான். "ஸுடா கெலுவார், ஸுடா லா." வெளியே போனது போனதுதான். எடுத்துக்கொள், மற்றவனுக்கும் கொடு. என் குறிப்பில் நானே எழுதியது.

12 நவம்பர், புதன்

பேசிவிட்டு வந்தேன். கைதட்டினார்கள். முன்னோடிகள் எல்லாவற்றையும் திறந்து வைத்தார்கள், அதுதான் அவர்கள் கொடுத்த பெரிய கொடை என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுவே அசிங்கமாக இருக்கிறது.

முன் வரிசைப் பெண் ஒருத்தி: "சார், உங்க மேப் இப்ப காணோமே?"

"சின்னத் திருத்தம். பிறகு போடுவேன்."

பிரின்சிபல் ஒரு குடை பரிசளித்தார்.

சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவர்கள் எனக்கு விட்டுச் சென்றது நிரல் மட்டும் இல்லை. எந்த ரூமுக்குள் போனாலும் எங்கே ஒளியலாம், எந்த வாசலிலிருந்து எவன் வருவான் என்றுதான் என் கண் பார்க்கிறது. அம்மாவின் கருமாதிச் சாப்பாடு அந்த மண்டபத்தில்தான். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் வழி சுற்றி வருகிறதே, நல்ல மேப் ஆகும் என்று நினைத்தேன். நினைத்தேன், உண்மை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கண் என்னுடையது.

15 நவம்பர், சனி

தங்காக். வழியெல்லாம் வெயில், லேடாங் மலை மட்டும் மேகத்துக்குள்.

வீட்டுக்கு நேராகப் போகத் தைரியம் இல்லை. துணிக்கடை வரிசைக்குப் பின்னால் உள்ள டீக்கடையில் தே தாரிக் சொன்னேன். நேரம் பாருங்கள், கோயில் தலைவர் மாணிக்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தப்ப முடியாது.

"வாங்க தம்பி. ஜேபிலயிருந்தா?"

"ஆமாங்க."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "போன மீட்டிங்ல அந்த வீடியோ பேச்சு வந்துச்சி. உங்கப்பா எந்திரிச்சிட்டாரு. எம்மவன் அப்படிச் செய்ய மாட்டான், படத்த எவனோ திருடிட்டான், அம்மன் மேல சத்தியம்னாரு. அதோட பேச்ச விட்டுட்டோம்."

கிளாஸுக்கு மேலாக என்னைப் பார்த்தார். விளையாட்டு தொடங்கும்போதே திரையில் பெரிதாக வரும்: உருவாக்கம் – குணா, தங்காக். அந்த வீடியோவிலும் இருக்கிறது.

"சரிங்க" என்றேன். டீயை முழுக்கக் குடித்தேன்.

அப்பா வாசலில் நின்றார். முப்பது வருஷம் துணிக்கடையில் துணி வெட்டியவர், இன்னும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. சாப்பாடு போட்டார். கருவாடு. வீடியோ பற்றிப் பேச்சே இல்லை. கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"அந்த மண்டபம் பூரா அதுல இருக்கா?"

"இருக்குப்பா."

"மேடை?"

"இருக்கு."

"கெணத்து வாசல்?"

"அதும் இருக்கு."

"காட்டு."

லேப்டாப்பை எடுத்தேன். எதிரிகளை ஏற்கெனவே நீக்கியிருந்தேன். ஸ்டோர் ரூம் தரை இப்போது வெறும் சிமெண்ட். நிமிர்ந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். வாசலுக்குப் போய் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மௌஸ் அவருக்குப் பழக்கமில்லை. கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுவரில் முட்டினார். நான் கையைப் பிடித்து ஓட்ட நினைத்தேன், வேண்டாம் என்றார். மெதுவாகச் சமையல் கட்டைத் தாண்டி மேடைக்கு வந்தார். பிறகு கல். சுவரில், முழுசாக, உடையாமல். நின்றுவிட்டார். உதடு அசைந்தது, படித்தார் போல.

திரையின் கீழே என் துப்பாக்கி. குழல் நேராக அம்மா பேரைப் பார்த்து.

"அதக் கீழ வைக்க முடியாதா?"

"முடியாதுப்பா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"கோயிலுக்குள்ள இதோடவா நிக்கிறது?"

மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மூடிரு."

முடியாது என்றது பொய். நிரல் திறந்து கிடக்கிறது, துப்பாக்கியை எடுக்க எவனும் என்னைத் தடுக்கவில்லை. எடுக்கலாம் என்று எனக்குத்தான் தோன்றவே இல்லை.

16 நவம்பர், ஞாயிறு

மீட்டிங் கோயிலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில். புது மண்டபத்துக்குத் தூண் வரைதான் எழுந்திருக்கிறது. அப்பா என்னைக் காரிலேயே இருக்கச் சொன்னார். நான் இறங்கி உள்ளே போனேன்.

சொல்லிவிட்டேன். அது என் மேப்தான், படத்தை யாரும் திருடவில்லை, அம்மா பேர் தரைக்குப் போனது என் கவனக்குறைவு, கோயிலில் எல்லாரும் மன்னிக்கணும். இரவெல்லாம் மனப்பாடம் செய்தது. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

ஒருத்தரும் திடுக்கிடவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். மாணிக்கம்தான் பேசினார், தணிந்த குரலில்.

"தெரியும் தம்பி. பேருதான் போட்டிருக்கீங்களே. உங்கப்பாவுக்காகத்தான் சும்மா இருந்தோம்."

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். அம்மன் மேல் சத்தியம் செய்தவர். அந்தச் சத்தியத்தைக் கொட்டகை நடுவில் நான்தான் உடைத்துப் போட்டேன். அவர் காப்பாற்றிய என் மானத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று போய், அவர் மானத்தை எடுத்துவிட்டேன்.

அப்பா எழுந்தார். இடுப்பிலிருந்து கோயில் ஸ்டோர் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார். "என்னங்க இது, எடுங்க" என்றார்கள். "அம்மன் மேல சொன்னவன் கையில இது இருக்கக் கூடாது" என்றார். வெளியே வந்தார்.

காரில் கேட்டார்: "வெள்ளிக்கெழம நான் எங்கடா போவேன்?"

மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்தது, இன்றைக்கு இரண்டாவது தடவை, இந்தத் தடவையும் என் நெஞ்சு லேசாவதற்குத்தான் கேட்கிறேன்.

மாலை

மழை. ஜேபிக்குக் கிளம்பவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன், அழுதாள், பிறகு திட்டினாள். சரிதான்.

லேப்டாப்பில் உட்கார்ந்து துப்பாக்கியை எடுத்தேன். அப்பா வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை. கையும் போனது. திரையின் கீழே ஒன்றுமில்லை, தரை மட்டும்.

சமையல் ரூமிலிருந்து குரல். "மண்டபத்தத் தொற."

செருப்பு வாசலில். வந்து உட்கார்ந்தார். நேற்றைவிட நன்றாக நடந்தார். துப்பாக்கி இல்லாததைப் பார்த்தார். கல்லுக்கு முன்னால் நின்றார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். மழையில் எதிர்வீட்டுக்காரர் வேட்டியை எடுக்க ஓடினார்.

கூப்பிட்டார். மண்டப வாசலுக்கு வந்து திரும்பி நின்றிருந்தார், உள்ளே பார்த்தபடி. மண்டபம் இருந்தவரை வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் பூட்ட நின்ற இடம். மௌஸை அங்கேயும் இங்கேயும் அசைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

"பூட்டிட்டு வரணுமே. கதவு எங்க?"

"இதுல கதவு இல்லப்பா."

"யாரு வேணா வந்து போவாங்களா?"

"ஆமாப்பா."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவ நீதான் எடுத்தியா?"