நான்காம் அத்தியாயம் காணாமற்போன ஏழு காலைகள்

கடித எண்: 3/2026
பேகம்பூர், திண்டுக்கல்
15.02.2026, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 10.20 மணி

பொருள்: குழுத்திட்டம் சமர்ப்பிக்கப்பட்டமையும் அதற்கு முன் என்னால் நேர்ந்த பிழையும் தெரிவித்தல்.
பார்வை: 11.02.2026 அன்று தொலைபேசியில் நீ "அத்தா, சுருக்கமாச் சொல்லுங்க" என்றது.

அன்பு மகள் ரஃபியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலம். 09.02.2026 அன்று பார்த்ததில் எனக்குச் சர்க்கரை 142. உன் அம்மா பரிசோதிக்கவே மறுத்துவிட்டதால் அவளும் நலம் என்றே குறித்து வைத்திருக்கிறேன். டொராண்டோவில் பனி முழங்காலளவு என்று மருமகன் வாஜித் படம் அனுப்பியிருந்தார், படத்தில் அவர் தொப்பி அணியவில்லை, இதை அவரிடம் நீ எடுத்துச் சொல்ல வேண்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன், தொலைபேசியில் இதைச் சுருக்கிச் சொல்ல இயலாது.

ஓய்வுபெற்று எட்டாண்டுகளாக வீட்டு வாசலில் போகும் டவுன் பஸ்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீயே என்னைச் சேர்த்துவிட்ட அஞ்சல்வழிப் புள்ளியியல் படிப்பில், மூவர் கொண்ட குழுவாகத் திட்ட அறிக்கை தர வேண்டும் என்பது நீ அறிந்ததே. எங்கள் தலைப்பு, திண்டுக்கல் மாவட்டத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம். குழுவில் என்னைத் தவிர இருவர். ஒருவன் ஜெரின், ஊர் மார்த்தாண்டம், இருப்பது சென்னையில். மற்றவள் தமிழ்மதி, தொப்பம்பட்டியில் காய்கறி எடைபோடும் நிலையத்தில் வேலை, கைக்குழந்தைக்காரி; இந்தச் சான்றிதழ் கையில் வந்தால்தான் அவளை ஏப்ரல் முதல் அலுவலகப் பணிக்கு எடுப்பார்கள், வராவிட்டால் தக்காளிக் கூடையோடேயே நிற்க வேண்டியதுதான். மூவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. கணினியில் ஒரே கோப்பில் மூவரும் எழுதினோம். இரண்டாம் அத்தியாயமாகிய பேருந்து நிலைய வரலாறு என் பொறுப்பு, பதினொரு பக்கம் எழுதி 01.02.2026 அன்று முடித்துக் கீழே பெயரும் தேதியும் இட்டேன். பெண்கள் காத்திருக்கும் நேரம் பற்றிய நான்காம் அத்தியாயம் தமிழ்மதியுடையது.

மறுநாள் காலை 5.30 மணிக்குக் கோப்பைத் திறந்தால் என் பதினொரு பக்கமும் இரண்டு வரியாகக் கிடக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தவன் நான். ஒப்பமிட்ட பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்தாலும் அடித்தவர் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும் என்பதைத் தவிர வேறு உலகம் அறியாதவன். எவரோ அத்துமீறிவிட்டார் என்று முடிவு செய்து, 24.12.2025 அன்று நீ கற்றுக்கொடுத்த, பழைய பிரதியை மீட்கும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். என் பதினொரு பக்கமும் வந்துவிட்டது, நானும் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். மாலையில் மறுபடி இரண்டு வரி, காலையில் மறுபடி பொத்தான். இவ்வாறு 02.02.2026 முதல் 08.02.2026 வரை ஏழு காலைகள். சுருக்கியவன் ஜெரின். அவனும் என்னைக் கேட்கவில்லை, நானும் அவனைக் கேட்கவில்லை. பிறகு விசாரித்தபோது, "ஐயா, பதினோரு பக்கம் படிச்ச பெறகும் பஸ் இன்னும் ஸ்டாண்டுக்கே வரல்லியே" என்றான்.

ஆனால் மகளே, அந்தப் பொத்தான் என் அத்தியாயத்தை மட்டுமன்றி முழுக் கோப்பையுமே பழைய நாளுக்குக் கொண்டுபோய்விடும் என்பதை நீ எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 08.02.2026 முற்பகல் 11.40 மணிக்குத் தமிழ்மதி குழுவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினாள். "ஏனுங்க, என்ற போன்ல என்னமோ கோளாறுங்க. தெனமும் சாயங்காலம் எழுதறேன், விடிஞ்சு பாத்தா ஒண்ணுமே இருக்கறதில்லீங்க. என்னால உங்க மார்க்கும் போயிரும், நான் குழுவை விட்டு வெலகிக்கறனுங்க." நான் அந்தப் பெண்ணுக்காக மிகவும் வருந்தி, நல்ல செல்போன் வாங்கும்படி அறிவுரை எழுதத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா, "விடியக் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு அந்தப் பொத்தானை அமுக்குற ஆளு எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல ஒருத்தர்தான்" என்றாள், தலைகூட நிமிரவில்லை.

சமர்ப்பிக்கும் நாளுக்கு இன்னும் ஆறே நாள். அவள் விலகினால் அவள் ஏப்ரலும் போயிற்று. விளக்கக் கடிதம் மூன்று பக்கத்தில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பப் புறப்பட்டேன். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, தபாலாபீசு பூட்டிக் கெடக்கு, அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருக்கு, போனைப் போடுங்க" என்றாள் உன் அம்மா. 12.05 மணிக்குப் போட்டேன். என் முழுப்பெயர், பிறந்த தேதி, வகித்த பதவி எல்லாம் தெரிவித்துவிட்டு, ஏழு நாளும் அழித்தது நான்தான் என்றேன். அவள், "நீங்களாங்க ஐயா அது? புள்ளைக்குப் போனைக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்கன்னு எங்க ஊட்டுக்காரரோட அஞ்சு நாளாப் பேச்சு வார்த்தை இல்லீங்க. இருங்க, நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க" என்று போனைக் கணவர் சுருளிவேலிடம் கொடுத்துவிட்டாள். நான் மீண்டும் பெயர், பிறந்த தேதியிலிருந்து தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தணிந்த குரலில், "இன்னும் ரெண்டு நாளைக்கு அழிச்சிருந்தீங்கன்னாத் தேவலைங்க, ஊடு அமைதியா இருந்துச்சு" என்றார்.

குழுவில் நீடிக்கத் தமிழ்மதி ஒரே நிபந்தனை விதித்தாள். யார் எழுதியதை யார் மாற்றினாலும் முதலில் எழுதியவருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். ஜெரினும் ஒப்புக்கொண்டான். அழிந்தவை எங்கே என்று நான் கலங்கியபோது அவன், "அதே பொத்தான்ல எல்லாம் இருக்கு ஐயா, நீங்க தொடண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்று இரண்டே நிமிடத்தில் தமிழ்மதியின் ஏழு நாள் எழுத்தையும் மீட்டுவிட்டான். மூவரும் படித்துப் பார்த்தோம். ஏழு முறை எழுதியதில் ஏழாவதுதான் மிகச் சிறந்தது. இதை அவளிடம் நான் எடுத்துரைக்கத் தொடங்கியபோது உன் அம்மா என் கையைக் கிள்ளினாள். மறுநாள் ஜெரின் முறைப்படி போன் செய்து, இரண்டாம் அத்தியாயத்தைச் சுருக்கலாமா என்று கேட்டான். கேட்டுவிட்டானே, என்ன செய்வது. அச்செடுத்து, என் கையாலேயே குறுக்குக் கோடிட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்டேன். நேற்று, 14.02.2026 மாலை 4.52 மணிக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது, அதில் என் வரலாறு இரண்டு வரி. தமிழ்மதியின் அத்தியாயம் பத்தொன்பது பக்கம். எரியோட்டில் கூடையுடன் நிற்கும் பெண்கள் சராசரியாக நாற்பத்தொரு நிமிடம் காத்திருக்கிறார்கள் என்பதை, அந்த ஊருக்கு நூறு முறை போய்வந்த நானே அதில்தான் அறிந்தேன்.

உன் அலுவலகத்தில் எவரோ உன் அறிக்கையைத் திருத்திக்கொண்டே இருக்கிறார் என்று சென்ற மாதம் வருந்தினாய். அவரை அழைத்து ஏன் என்று கேள், எந்தப் பொத்தானையும் அழுத்தாதே. பிறை தெரிந்தால் இவ்வாரமே நோன்பு. விடியுமுன் ஸஹர் உணவில் தண்ணீர் நிறையக் குடி, வாஜிதுக்கும் தொப்பி பற்றி நினைவூட்டு. உங்கள் இருவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் தருவானாக.

இக்கடிதத்தில் அடித்தல் ஒன்று: நான்காம் பக்கத்தில், எங்கள் இணையவழிக் கூட்டங்களுக்கு ஜெரின் தாமதமாக வந்த தேதிகள் அடங்கிய பன்னிரண்டு வரிகள். அடித்தவர் உன் அம்மா ஜெய்தூன் பீவி; என்னைக் கேட்டுவிட்டே அடித்தாள், பக்கத்தில் ஒப்பமும் இட்டிருக்கிறாள்.

இப்படிக்கு, உன் நலம் நாடும் அத்தா,
கா. முகமது பாரூக்
முற்பகல் 11.55 மணி

இணைப்பு:
1. இரண்டாம் அத்தியாயம், பதினொரு பக்கம், குறுக்குக் கோடும் என் ஒப்பமும் உள்ளது.
2. திண்டுக்கல் நோன்பு நேர அட்டவணை (உங்கள் ஊருக்குப் பயன்படாது, இருந்தாலும் வைத்துக்கொள்).
3. உன் அம்மா அடித்த பன்னிரண்டு வரிகளின் தெளிந்த படி, தனித்தாளில். இது அவளுக்குத் தெரியாது.