அண்ணன் நீட்டிய நோட்டு

ஞாயிறு, ஆவணி 15

தாத்தாவின் பண்ணை வீட்டைப் பெரியப்பா மகன் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார். சங்கரன்கோவிலிலிருந்து இன்று போய்ப் பார்த்தேன். நீரிறைக்கும் கமலை, தானியக் குலுக்கை எல்லாம் பளிச்சென்று இருந்தன. நான் பிறந்த அறையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

கிளம்பும்போது அண்ணன் ஒரு நோட்டை நீட்டினார். "ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுட்டி. வாரவுக எல்லாரும் எழுதுதாவ."

'வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தேன். மகிழ்ச்சி' என்று எழுதினேன். உடனே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

எதற்கு? முன்பக்கங்களைப் புரட்டினேன். அத்தை, சித்தப்பா, என் தம்பி. வீட்டில் பங்குள்ளவர்கள் மட்டும்தான். எனக்கு முன்னால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஒரு டீச்சரிடம் அவர் நோட்டை நீட்டவே இல்லை.

பாகப்பிரிவினை இன்னும் ஆகவில்லை. அந்த வீட்டுக்கு நான் வெளியாள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேனோ?