பெயருக்கு முன்னால் ஒட்டிய டாக்டர்

செவ்வாய், இரவு.

பாகாலாவில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு இன்று வயதான விவசாயி ஒருவர் வந்தார். சோதித்தேன். கண்ணில் அழுத்தம் அதிகம். ஓரப் பார்வை குறைந்திருந்தது.

"கண்ணாடி இப்ப வேணாம் நைனா. திருப்பதில கண் டாக்டரைப் பாருங்க. விட்டா பார்வையே பூடும்."

"போர்டுல டாக்டர்னு போட்டுக்கினு, டாக்டராண்ட போன்னு சொல்றியே. அப்ப நீ யாரு?"

"ஆப்டோமெட்ரிஸ்ட். பவர் பார்ப்பேன். நோய் தெரிஞ்சா அனுப்புவேன். வைத்தியம் அவங்கதான்."

அவர் நம்பவில்லை. எழுந்துவிட்டார். நான் ஸ்டூலில் ஏறி, என் பெயருக்கு முன்னால் முதலாளி ஒட்டியிருந்த சொல்லைச் சுரண்டினேன். முதலாளி கத்தினார். பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, திருப்பதி டாக்டருக்கு நான் எழுதி வைத்திருந்த கடிதத்துக்குக் கை நீட்டினார்.

வேலை போனால் போகட்டும். மறுபடி ஒட்டினால் மறுபடி சுரண்டுவேன். நகத்தில் இன்னும் பசை.