மேலிருந்து ஊற்றிய பால்

அன்பு ரோசலின்,

முத்துலெட்சுமி அதை யாரைப் பார்த்துக் கற்றாள்? உன்னையா, என்னையா? எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்கவும் நீ இல்லை.

காய்ச்சலில் நீ போன பிறகும் நம் பிள்ளைக்காம்பரா அப்படியேதான் நடக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை நம் காம்பராவில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தோட்டத்துத் துரை "பார்க்கலாம்" என்கிறார்.

இன்று விடாத மழை. பிள்ளைகள் உள்ளேயே டீச்சர் விளையாட்டு ஆடினார்கள். முத்துலெட்சுமிதான் டீச்சர். துண்டை முந்தானையாகப் போட்டு, உன்னைப் போலவே இடுப்பில் கைவைத்து, "மூக்கச் சிந்திட்டு வாடா ராசா" என்றாள். நீ போன பிறகு அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்து, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "சத்தம் வரக் கூடாது!" என்றாள். அது நான்.

பிறகு சிரட்டைகளில் விளையாட்டுப் பால் கொடுத்தாள். எல்லார் கையிலும் கொடுத்தவள், கீழ் லயத்து வரிசை வீட்டுச் செல்லம்மாவிடம் மட்டும் சிரட்டையைத் தரையில் வைக்கச் சொன்னாள். விரல் படாமல், மேலே இருந்து ஊற்றினாள்.

"ஏன்டி அவளுக்கு மட்டும் அப்படி?"

"டீச்சர் அப்படித்தானுங்களே ஊத்துவாங்க."

"எந்த டீச்சர்?"

"டீச்சர்னா டீச்சர்தாங்க."

சாதி பார்க்காதவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொண்டவர்கள் அல்லவா நாம்?

தினமும் கதவைப் பூட்டுமுன் நீ கேட்பாயே, "இன்னிக்கு யாரையாச்சும் அழ வச்சோமாக்கா?" என்று. "இதென்ன, மாதா கோயில்ல பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனமா?" என்று நான் கேலி செய்வேன். "சாமியார்கிட்ட வருசத்துக்கு ஒருக்கா போதும். புள்ளைங்க தினமும்ல வருதுங்க" என்பாய். கேலி செய்தாலும், யோசித்துத்தான் பதில் சொல்வேன். கடுஞ்சொல், முகச்சுளிப்பு, யாரைக் கவனிக்காமல் விட்டோம், எல்லாம் பேசினோம். பால் ஊற்றும் கையைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லையே, ஏன்? செல்லம்மா அழாததாலா?

இனிப் பூட்டுமுன் நான் தனியாகவாவது உட்காருவேன். அழாத பிள்ளையைப் பற்றியும் கேட்டுக்கொள்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு பால் ஊற்றிவரும் ஆயாவை விலக்கிவிட்டு நானே பால் கொடுத்தேன். செல்லம்மா வந்தாள். தன் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. கோப்பையை எடுத்து, நிரப்பி, அவள் முன் நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

முத்துலெட்சுமி எனக்கு உதவி செய்ய நினைத்தாள். "கீழ வச்சிருங்க டீச்சர், குடிச்சிருவா" என்றாள்.

நான் வைக்கவில்லை. பாலில் ஆடை படிந்தது. செல்லம்மா இன்று பால் குடிக்காமலே வீட்டுக்குப் போனாள்.

உன் அக்கா,
மங்களம்